சுகமா இருக்கு, உள்ள போங்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, இருபத்திரண்டு வருட நர்ஸ் உத்தியோகத்தில் இதனால் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. “அப்பாட்ட வெறும் வாயுன்னு சொல்லிருங்க சிஸ்டர், பொறவு நாங்க பாத்துக்கிடுதோம்” என்று மகன் வாசலில் நின்று கெஞ்சுவான். முடியாது என்பேன். உள்ளே போனால் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும் தாயி. பயலுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சிருவான். வாயுன்னு சொல்லிருங்க” என்பார். அதுவும் முடியாது என்பேன். எங்கள் பக்கம் பாதிக் குடும்பங்களில் இப்படித்தான் ஒருவருக்கொருவர் வாயு என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை ஓட்டிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு, 2043-ஆம் வருடம், துணைப் பெட்டி வந்து சேர்ந்தது.

என் பெயர் பொன்சீலி. நான் வேலை பார்க்கும் இடத்துக்குச் சமுதாய வலி தணிப்பு மையம் என்று பெயர். அது பலகையில்தான், ஊர் வாயில் அது வலி ஆபீஸ். இனிக் குணப்படுத்த வழியில்லை என்று ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பியவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்போம். மருந்து கொடுப்போம், புண் கட்டுவோம், வீட்டுக்காரர்கள் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், தெருவில் நாலு பேரைத் துணைக்குப் பழக்குவோம். திருநெல்வேலிக்கு ஒன்பது பெட்டிகள் வந்தன. ஒன்றைச் சிவந்தியப்பர் தெருவில் தளவாய் அண்ணாச்சி வீட்டுக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன்.

தளவாய் அண்ணாச்சிக்கு அறுபத்தேழு வயது. நாற்பது வருடமாக அந்த வட்டாரத்துக் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவர்தான் மைக்செட். புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. இரண்டு மாதம் என்று டாக்டர் சொன்னதை நான் மறைக்காமல் சொன்னபோது, பல் ஒன்றுகூட இல்லாத வாயைத் திறந்து சிரித்தார்.

“சிஸ்டர், இந்தத் தெருவுல ரகசியம்னு ஒண்ணு என்கிட்ட நின்னதில்ல. விசேஷ வீட்டுல மைக்க ஆஃப் பண்ணாமலே சண்டை போடுவானுவ. எல்லாத்தயும் கேட்டுட்டேன். இதயும் கேட்டுக்கிடுதேன்” என்றார்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெட்டி ஒரு டிபன் கேரியர் உயரம் இருக்கும். அதன் பின்பக்கத்தில் செருகிய இரண்டு கம்பிகளின் முனையில் இரண்டு பட்டைகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அண்ணாச்சியின் கையில் சிவப்பைக் கட்டினேன்.

“இது என்ன செய்யும்?” என்று கேட்டார்.

“உங்க நரம்புல ஓடுத வலிய இது படிக்கும் அண்ணாச்சி. பாதிய எடுத்து, பச்சைப் பட்டைய யாரு கட்டியிருக்காங்களோ அவங்களுக்குக் குடுக்கும். உங்களுக்குப் பாதி குறையும். அவங்களுக்கு வலிதான் வரும், நோய் வராது. பட்டைய அவுத்தா வலியும் போயிரும். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம்.”

“அதுக்கு மருந்தையே கூட்டிக் குடுத்துரலாமே” என்றாள் ஆவுடை மைனி அடுப்படியிலிருந்து. அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம்.

“கூட்டினா நாள் பூரா தூங்குவாக மைனி.”

“தூங்கட்டும்.”

“யாரு தூங்க?” என்று அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. “போய்ச் சேந்த பொறவு வேற என்ன சோலி கெடக்கு எனக்கு? தூங்கிக்கிட்டேதான் இருக்கப் போறேன். இருக்க மட்டும் முழிச்சுக்கிடுதேன்.” பிறகு பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். “அப்போ நான் மைக்கு. பச்சைப் பட்டை கட்டினவன் ஸ்பீக்கரு. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான் என்றேன். இதைவிடச் சுருக்கமாக எனக்குப் பயிற்சி கொடுத்த இன்ஜினீயரே சொன்னதில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் பார்க்க வருவது என்று ஒன்று உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வருவார்கள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள், இதே நோய் வந்து செத்துப்போன தங்கள் சொந்தக்காரர் கதையை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, காபி குடித்துப் போவார்கள். அண்ணாச்சி வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். வந்தவர்களிடம் நான் பச்சைப் பட்டையை நீட்டினேன்.

முதலில் பக்கத்து வீட்டு மாடக்கண்ணு. ஐம்பது வயது ஆள். இருபது வருடமாக முதுகுவலி என்று சொல்லி வேலைக்கே போகாதவர். “எனக்கே முதுகு போயிக் கெடக்கு சிஸ்டர். இதுல இது வேறயா?” என்று கொண்டுவந்த ஆரஞ்சைக்கூட வைக்காமல் திரும்பிவிட்டார்.

எதிர்வீட்டுப் பாக்கியத்தாய் துணிச்சல்காரி. முட்டி வலியோடு நொண்டி நொண்டி வந்து, “அண்ணாச்சிக்கு இல்லாத உசிரா?” என்று கையை நீட்டினாள். நாலு நிமிடம் இருந்திருப்பாள். “அம்மாடி! எப்படிய்யா தாங்குதிய?” என்று அலறிப் பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடினாள். வெறுங்காலோடு ஓடினாள். அவள் செருப்பு ஆறு நாள் அந்த வாசலிலேயே கிடந்தது. எடுக்கக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு பட்டை கட்ட ஆள் வரவில்லை என்பது பெரிதில்லை. பார்க்க வருவதும் நின்றுவிட்டது. வந்தால் நான் பட்டையை நீட்டிவிடுவேன் என்று பயந்து, ஜனங்கள் பஸ்ஸுக்குப் போக அடுத்த தெருவைச் சுற்றினார்கள். ஆவுடை மைனி ஒருத்தியே காலை, மதியம், சாயங்காலம் என்று பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறாவது நாள் மயங்கி விழுந்தாள். அவளுக்கு ஏற்கெனவே இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இனி அந்த அம்மாள் பட்டையைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஏழாவது நாள் போனேன். வீடு அமைதியாக இருந்தது. அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் முதல் பத்து நாள் நான் வேறு தாலுகாவில் இரண்டு பெட்டிகளைப் பார்க்கப் போகவேண்டும் என்று சொன்னேன்.

“போயிட்டு வாங்க” என்றார். “போறதுக்கு முன்ன கொஞ்சம் வெந்நி கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க.”

வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். நான் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது செருப்பு. தளவாய் அண்ணாச்சி வீட்டு வாசலில் குறைந்தது நாற்பது ஜோடி கிடந்தது. முடிந்துவிட்டது போலிருக்கிறதே என்று உள்ளே ஓடினேன். ஒன்றும் இல்லை. முன்னறையில் பெஞ்சு போட்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறையில் பாக்கியத்தாய் பச்சைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, சினிமா பார்க்கிறவள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அரை மணி முடிந்ததும் எழுந்து விறுவிறுவென்று நடந்து வெளியே வந்தாள்.

“மைனி, வலிக்கலியா?” என்றேன்.

“சுகமா இருக்கு சிஸ்டர்” என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “அதாவது, பழகிட்டு” என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கேயோ பார்த்தார்கள்.

மாடக்கண்ணுகூட இருந்தார். இட்லிக்கடை செண்பகவடிவு கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். ஆவுடை மைனி காபி ஆற்றிக்கொண்டே, “ஊரே வருது சிஸ்டர். நின்னு நின்னு குதிகால் வெட்டுது எனக்கு. ஆனா அவிய மொகத்தப் பாருங்க, கல்யாண வீட்டுல ஒக்காந்த மாதிரி இருக்காவ” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போன மாதம் ரேஷன் கடை முன்னால் நான் இருபது நிமிடம் பேசிய விழிப்புணர்வுப் பேச்சுதான் காரணம் என்று முடிவு செய்தேன். வேறு என்ன இருக்க முடியும்? அன்றே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அதில் என் பேச்சைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்தவுடன் துணை இயக்குநர் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். வேறு எந்த ஊரிலும் பெட்டிக்கு வரிசை நிற்கவில்லையாம்.

அவர் வந்த நாள் எனக்குக் கடவாய்ப் பல்லில் உயிர் போகும் வலி. நாலு நாளாகவே அப்படித்தான். துணை இயக்குநர் வரிசையைப் பார்த்தார், கண் கலங்கினார், போட்டோகிராபரைக் கூப்பிட்டார். “சிஸ்டர், நீங்களும் ஒரு அஞ்சு நிமிஷம் பட்டை கட்டி உக்காருங்க. முன்மாதிரின்னு போடலாம்” என்றார்.

மறுக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, கடிக்க முடியாத பல்லை விட்டுவிட்டு மற்றதைக் கடித்துக்கொண்டு, பட்டையைக் கட்டினேன். எலும்பு வலி வரப்போகிறது என்று கண்ணை மூடினேன்.

வரவில்லை. அதற்குப் பதில் பல்வலி குறைந்தது. நாலு நாளாகக் குடைந்துகொண்டிருந்தது யாரோ பக்கத்து அறைக்குப் போய்விட்ட மாதிரி தூரமாகப் போனது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நன்றாகச் சிரித்துவிட்டேன். போட்டோகிராபர் எடுத்துவிட்டார். அந்தப் போட்டோ மையத்தின் மாத இதழில் அட்டையில் வந்தது, இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. நான் முன்னால் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் தளவாய் அண்ணாச்சி வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் வலது கன்னம்தான்.

துணை இயக்குநரைக் காபி குடிக்க முன்னறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“அண்ணாச்சி, எந்தப் பல்லு வலிக்கி உங்களுக்கு?”

அவர் கையைக் கீழே போட்டார். “எனக்கு ஏது சிஸ்டர் பல்லு?”

“அதத்தான் நானும் கேக்கேன்.”

என் கையிலிருந்த பட்டையைக் காட்டினார். பிறகு, “மொதல்ல பட்டைய அவுத்துருங்க. உங்க பல்லு ரொம்ப மோசம். நாளைக்கே போயிப் புடுங்குங்க” என்றார்.

அவிழ்த்தேன். பல்வலி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சிவப்புக் கம்பி இருக்கவேண்டிய ஓட்டையில் பச்சை, பச்சை இருக்கவேண்டியதில் சிவப்பு. அதை யாரும் மாற்றிச் செருகுவார்கள் என்று செய்தவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவர்கள் மைக்செட்காரரைப் பார்த்ததில்லை.

“ஸ்பீக்கருக்கு முன்னால போயிப் பேசினா அதுவும் மைக்குதான் சிஸ்டர். கம்பிய மாத்திச் சொருகணும், அவ்வளவுதான். அன்னைக்கு வெந்நி கேட்டேன்லா, அப்பதான் மாத்தினேன்.”

“அப்போ வந்து ஒக்காருதவங்க வலி பூரா உங்களுக்கா வருது?”

“பூரா இல்ல. பாதி. நீங்கதானே சொன்னிய.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. “உங்களுக்குக் கிறுக்கா அண்ணாச்சி? உங்க வலிக்கே நான் மருந்து தேடிக்கிட்டு அலையுதேன். இதுல ஊரு முட்டி வலி, இடுப்பு வலி எல்லாம் வாங்கி என்ன செய்யப் போறிய?”

“ஆளு வரல்லியே சிஸ்டர்” என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார்.

“வலியக் குடுத்தா ஓடுதானுவ. சரி, வாங்கினா வருவானுவளான்னு பாத்தேன். மொத நாளு பாக்கியம் செருப்ப எடுக்க வந்தா. வாசல்லயே நிக்கா, உள்ள வரமாட்டேங்கா. ஒரு நிமிசம், ஒரே நிமிசம்னு கூப்பிட்டு ஒக்கார வச்சேன். முட்டி வலி போயிட்டு. மறுநாளு அவ மாமியாளக் கூட்டிட்டு வந்தா. அவ்வளவுதான், வரிசை கட்டிட்டானுவ. உங்ககிட்ட சொன்னா மிஷின எடுத்துட்டுப் போயிருவியன்னு ஒருத்தரும் மூச்சு விடல்ல. எனக்கு நாப்பது வருசமா காதுல சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும் சிஸ்டர். அந்த ஒரு வாரம் இந்த வீட்டுல செவுத்துப் பல்லி கத்துறது கேட்டுச்சு. வலியத் தாங்கிட்டேன். அதத் தாங்க முடியல்ல.”

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“ஒண்ணு சொல்லட்டா? மாடக்கண்ணுக்கு முதுகுவலியே கெடையாது. அரை மணி நேரம் ஒக்காந்தான், ஒரு எறும்பு கடிச்ச வலிகூட வரல்ல. இருபது வருசமா ஏமாத்தியிருக்கான் மூதி! ஆனா அந்தச் செண்பகவடிவு இருக்கால்லா, சிரிச்சுக்கிட்டே இட்லி விப்பா. அவ வந்து ஒக்காந்தா அடிவயித்துல கத்தி சொருகின மாதிரி இருக்கு. அத வச்சுக்கிட்டு எப்படித்தான் ஆட்டுக்கல்லுல மாவாட்டுதாளோ. ஆஸ்பத்திரிக்குப் போன்னு வைது அனுப்பியிருக்கேன். நீங்களும் சொல்லுங்க.”

“சொல்லுதேன். இப்ப கம்பிய மாத்தப் போறேன். நாளைக்குக் காலையில வாசல்ல நின்னு எல்லார்ட்டயும் உள்ளத சொல்லவும் போறேன்.”

“சிஸ்டர், சிஸ்டர்! நீங்க பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்.”

“சும்மா இருந்தாலும் அது பொய்தான்.”

“அப்போ நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாவ.”

அவர் சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. காய்ச்சல் என்று மைனி நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்குக் கெடு கொடுத்த உடம்பு, ஒரு தெருவின் முட்டியையும் இடுப்பையும் சுமந்துகொண்டு கிடந்தது. கம்பிகளைச் சரியாக மாற்றினேன். மேலே பிளாஸ்திரியை ஒட்டினேன். அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் நின்றேன். என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் நான் செருப்பைக் கழற்றி, தொண்டையைச் செருமி, வாயைத் திறப்பதற்குள் பாக்கியத்தாய் உள்ளே போய்ப் பட்டையைக் கட்டிவிட்டாள். முதல் ஆளாக உட்காரவேண்டும் என்று ஆறு மணிக்கே வந்துவிட்டாளாம்.

உள்ளேயிருந்து “அம்மாடீ!” என்று ஒரு சத்தம் கேட்டது.

ஓடினேன். பாக்கியத்தாய் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. அண்ணாச்சியைப் பார்த்தாள், அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். பெட்டியில் நான் ஒட்டியிருந்த புதுப் பிளாஸ்திரியைப் பார்த்தாள். அவள் நாலாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை, ஆனால் மக்கு இல்லை. இத்தனை நாளாக நடந்தது என்ன என்று அவளுக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அவுத்துருங்க மைனி” என்றேன்.

“எத்தன நிமிசம் ஆச்சு?” என்றாள்.

“ரெண்டு.”

“அரை மணி நேரம்தானே கணக்கு? பேசாம நில்லுங்க.”

முழு அரை மணியும் இருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. பிறகு எழுந்து, முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்து, முன்னறைக்கு வந்தாள். பெஞ்சில் அடுத்ததாக இருந்த மாடக்கண்ணு, “என்ன மைனி, உள்ள சத்தம் கேட்டுது?” என்றார்.

“பல்லி விழுந்துட்டு. சுகமா இருக்கு, உள்ள போங்க” என்றாள் பாக்கியத்தாய்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

மாடக்கண்ணு உள்ளே போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு உண்மையாகவே முதுகு வலித்தது. “எய்யா! எப்பா!” என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள், “நடிக்கான், இருபது வருசமா இதானே சோலி” என்று சிரித்தார்கள். அரை மணி கழித்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வளைந்து வெளியே வந்தார். கோபமாக என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு அடுத்த ஆளிடம் திரும்பி, “ஜம்முன்னு இருக்குவே. உள்ள போரும்” என்றார்.

அன்று பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். பதினோரு பேரும் வெளியே வந்து சுகமா இருக்கு என்றார்கள். நான் மட்டும் ஏமாறுவதா, அடுத்தவனும் மாட்டட்டும் என்கிற எண்ணம் அதில் பாதியாவது இருக்கும். எங்கள் ஊர் ஆட்களை எனக்குத் தெரியும். முதல் நாளைக்கு அந்த விளக்கம் சரி.

மறுநாளும் வந்தார்களே! இப்போது எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் செருப்பு வாசலில் கிடந்தது. நாற்பது ஜோடி இல்லை, பதினைந்து பதினாறு. ஒவ்வொருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து வந்து, அடுத்த ஆள் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் சுகமா இருக்கு என்று சொன்னார்கள். பாக்கியத்தாய் பழையபடி நொண்டிக்கொண்டு வந்தாள். மாடக்கண்ணு தினமும் வந்தார், தினமும் கத்தினார். செண்பகவடிவு மட்டும் வரவில்லை. அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் கட்டியை எடுத்துவிட்டார்கள், நல்ல வேளை, ஆபத்தில்லாத கட்டி. ஆள் மாற்றி ஆள் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இட்லிக்கடைக்காரிக்கே இட்லி.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, என்னை யாரும் கேட்கவில்லை. அப்படி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு நாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். பழைய நிறம் முகத்துக்கு வந்திருந்தது.

“சிஸ்டர், கம்பி சரியாத்தானே இருக்கு?”

“சரியாத்தான் இருக்கு.”

“அப்போ இவனுவளுக்கு வலிக்கும்லா?”

“வலிக்கும்.”

“நெசமாவே தெரிஞ்சுதான் வாரானுவளா?” என்றார். கேட்டுவிட்டு, அந்தப் பொக்கை வாயைக் கோணிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்கும்போது மாடக்கண்ணு உள்ளே எட்டிப் பார்த்து, “என் முறை முடிஞ்சப்பொறவு அழுங்க. வேற சோலி இருக்கு எனக்கு” என்றார். இருபது வருடமாக வேலைக்குப் போகாத மனுஷனுக்கு என்ன சோலியோ!

கடைசி மூன்று நாளாக அண்ணாச்சிக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பஞ்சில் நனைத்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மருந்தும் கூட்டியாயிற்று. பாதி நேரம் தூக்கம், பாதி நேரம் அரைக்கண் விழிப்பு. அன்று காலை ஆவுடை மைனி காபி டம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

“ஊரே ஒக்காருது. கட்டினவ மட்டும் ஒரு மாசமா காபி போட்டுக்கிட்டே கெடக்கணுமா? இன்னைக்கு நான் ஒக்காருவேன். நெஞ்சு வெடிச்சா வெடிக்கட்டும்.”

டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் யோசித்து, மிகக் குறைந்த அளவில் வைத்துப் பத்து நிமிடம் என்றார். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். மைனி குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் விரலால் நடந்து வந்து உட்கார்ந்தாள். பச்சைப் பட்டையைக் கட்டினேன். மைனி கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள், பெட்டி அண்ணாச்சியின் தலைமாட்டில் இருந்தது. இயக்குவதற்கு முன் அவர் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

“வெந்நி” என்றார்.

அடுப்படிக்குப் போனேன். வெந்நீர் ஆற்றிக்கொண்டு வர மூன்று நிமிடம் ஆகியிருக்கும். குடிக்கவில்லை, வேண்டாம் என்று தலையை அசைத்தார். பெட்டியை இயக்கினேன். மைனி மூடிய கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நான் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடி வேகமெடுக்கவில்லை, துள்ளவில்லை, நிதானமாக இருந்தது. மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

“எப்படி இருக்கு மைனி?”

“சுகமா இருக்கு சிஸ்டர்” என்றாள்.

தெரு சொல்லிக்கொடுத்ததை இவளும் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்குள் அவர் வலது காலைக் கட்டில் சட்டத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசி நேரத்தில் உடம்பு இப்படி அங்கங்கே அசையும், நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் முடிந்ததும் பட்டையை அவிழ்த்தேன், அதன்பின் வேறு யாரும் கட்டவில்லை. மதியம் ஒரு மணிக்கு, முன்னறையில் ஆட்கள் ஏதோ கல்யாணத்துப் பந்தியைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் போய்ச் சேர்ந்தார். பல்லி சத்தம் கேட்க வழியே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெட்டியை எடுக்கப் போனேன். அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். துடைத்து வைக்கலாம் என்று பின்பக்கம் திருப்பினேன். நான் ஒட்டிய பிளாஸ்திரி ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. சிவப்பு இடத்தில் பச்சை. பச்சை இடத்தில் சிவப்பு.

மூன்று நாளாகத் தண்ணீர் இறங்காத மனுஷர் வெந்நீர் கேட்டிருக்கிறார். நான் ஒரு முட்டாள், ஆற்றிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன். அந்தக் கால் அசைந்தது எதற்கென்று இப்போது புரிந்தது. வலது குதிகால். ஒரு மாதமாக நின்று காபி போட்டவளின் குதிகால். அந்தத் தெருவில் அத்தனை பேர் சுகமா இருக்கு என்று சொன்னதில், கம்பியை நான் சரியாக வைத்த பிறகு, உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான்.

ஆவுடை மைனி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

“சிஸ்டர், மனசுல ஒண்ணு கெடக்கு, கேட்டுருதேன். மொத வாரம் அந்தப் பட்டையக் கட்டினப்ப எனக்கு உசிரு போயி உசிரு வந்துச்சு. அன்னைக்குக் கட்டினப்ப ஒரு வலியும் இல்ல. பஞ்சு மாதிரி இருந்துச்சு. அப்படின்னா அவியளுக்கு வலி அடங்கிட்டுன்னுதானே அர்த்தம்? வலி இல்லாமத்தானே போயிருக்காவ? நீங்க பொய் சொல்லமாட்டிய, அதான் உங்ககிட்ட கேக்கேன்.”

பெட்டி என் மடியில் இருந்தது. கம்பிகள் அவளுக்குத் தெரியாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

“ஆமா மைனி” என்றேன். “சுகமாத்தான் போனாக.”